சமைப்பீர்களா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சிங்கப்பூருக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் இதனுடன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: வாடகைக்கு ஓர் அறை தேடிப் பார்!

நான் ஈப்போவிலிருந்து வந்தவள். முதல் இரண்டு ஆண்டுகள் வளாக விடுதியில் கழிந்தன. மூன்றாம் ஆண்டுக்கு வெளியே அறை தேடத் தொடங்கியபோது எனக்கு வேண்டியவை நான்குதான். கிளமெண்டி வட்டாரத்தில் ஒரு வீவக வீடு. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் 96ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வசதியான இடம். மாதம் 1,000 வெள்ளிக்கு மேற்போகாத வாடகை. வார இறுதியில் ஒரு குழம்பு வைக்க அடுப்பு. முதல் மூன்றுக்கும் வழி கிடைத்தது. நான்காவதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

அறை விளம்பரங்களுக்கென்றே ஒரு தனி மொழி உண்டு. "சமையல் கூடாது" என்றால் புரிகிறது. "லேசான சமையல்" என்றால் என்ன? ஒரு வீட்டுக்காரப் பெண்மணியிடமே கேட்டேன். "மேகி போடலாம், முட்டை அவிக்கலாம், எண்ணெய் மட்டும் காயக் கூடாது" என்றார். அதாவது, தாளிக்கக் கூடாது! தாளிக்காமல் என்ன குழம்பு?

ஆனால், பேச்சு சமையல் வரை போனதே பெரிய காரியம். பல அழைப்புகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. "அறை இருக்கிறது, எப்போது வந்து பார்க்கிறாய்?" என்று உற்சாகமாகத் தொடங்கும் குரல், என் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி நிற்கும். "நீ இண்டியனா?" "ஆமாம்." "ஓ... என் கணவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்." அந்தக் கணவர்களில் ஒருவர்கூட இன்றுவரை பதில் சொல்லவில்லை.

என்னோடு சேர்ந்து அறை தேடியவள் மதுரையிலிருந்து வந்த என் தோழி. வீவக விதிகள் எங்கள் இருவரையும் வெவ்வேறாகவே பார்க்கின்றன. ஒரு விண்ணப்பத்தில் மலேசியருக்கு மூன்று ஆண்டுகள் வரை அறையை வாடகைக்கு விடலாம். மற்ற வெளிநாட்டவர் என்றால் இரண்டு ஆண்டுகள்தான். தொலைபேசியில் இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. அங்கே நாங்கள் இருவரும் ஒன்றுதான்!

வீட்டுக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் எடுப்பது அறைதான். அவரும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார். ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. வாசனை சுவருக்குள் நிற்பதில்லை. 2011 ஆகஸ்டில் வெளிவந்த ஒரு செய்தி மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனையைத் தாங்க முடியாமல் சமூக சமரச நிலையம் வரை சென்றது. தாங்கள் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைக்க வேண்டும் என்று உடன்பாடு கண்டார்கள். செய்தி பரவியதும், ஆகஸ்ட் 21ஆம் தேதி இன வேறுபாடின்றிப் பல சிங்கப்பூரர்கள் கறி சமைத்துப் பகிர்ந்து உண்டார்கள். கறிக்காக ஒரு நாள் முழு ஊரும் எழுந்து நின்றது மகிழ்ச்சிதான். ஆனால் வாடகை அறை என்பது ஒரு நாள் விஷயமன்று; ஆண்டு முழுவதும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்வது.

ஆகவே, "சமைப்பீர்களா?" என்று ஒருவர் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு நான் பதில் சொல்ல முடியும். நேரம் குறிக்கலாம், அடுப்பைத் துடைத்து வைக்கலாம். "நீ என்ன இனம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைப்பவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

"உன் சீனத் தோழியை விட்டுப் பேசச் சொல், வீட்டைப் பார்க்கப் போகும்போது நீ போய்க்கொள்" என்று ஒரு சீனியர் அக்கா யோசனை சொன்னார். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓராண்டு குடியிருக்கப் போகும் வீட்டுக்குள் என் பெயரும் என்னோடு வர வேண்டாமா? அதனால் முதல் குறுஞ்செய்தியிலேயே எல்லாவற்றையும் எழுதினேன்: பெயர், மலேசிய இந்தியர், மூன்றாம் ஆண்டு மாணவி, வார இறுதியில் சமைப்பேன். 21 பேருக்கு அனுப்பினேன். மூவர் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

அந்த மூவரில் ஒருவர் தமிழர். தோழியையும் அழைத்துக்கொண்டு ஆசையாகப் போனேன். சமையலுக்குத் தடையே இல்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது! அறையைக் காட்டியபடியே அந்த அங்கிள் சொன்னார்: "மலேசியாப் பிள்ளைன்னு எழுதியிருந்தீங்க, அதான் வரச் சொன்னேம்மா. ஊர்க்காரங்களுக்கு நாங்க கொடுக்கிறதில்ல." அந்த ஊர்க்காரப் பெண் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். அதுவரை வந்த மறுப்புகளையெல்லாம் சிரித்துக் கடந்த நாங்கள், அன்று பேருந்து நிறுத்தம் வரை பேசவே இல்லை.

கடைசியில் எனக்கு அறை கொடுத்தவர் ஒரு சீன ஆன்டி. சனி, ஞாயிறு பகல் இரண்டு மணிக்குள் சமைக்கலாம், சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும், அடுப்பைத் துடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஆன்டிக்கு இன்னும் தாளிப்பு வாசனை பிடிக்கவில்லை. நான் கடுகை எடுத்ததும் பேசாமல் எழுந்து போய் வரவேற்பறை சன்னலைத் திறந்து வைப்பார். நானும் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவேன். தோழிக்கும் அடுத்த மாதமே டோவரில் ஓர் அறை கிடைத்தது.

அறை தேடப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். அறையை வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் வீவக அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். வரவேற்பறையைத் தடுத்து அறை என்று காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத முன்பணம் வழக்கம். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 1,000 வெள்ளி என்றால் ஓராண்டுக்கு 48 வெள்ளிதான். அதைக் கட்டாமல் விடாதீர்கள். நாளை தகராறு வந்தால் அந்த ஒப்பந்தம்தான் உங்கள் துணை. முகவர் வந்தால் அவருடைய பதிவெண்ணைப் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் தம் கையில் வாங்கக் கூடாது. சமையல், குளிரூட்டி, துணி துவைப்பது, விருந்தினர் என எல்லாவற்றையும் முதலிலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று சொந்த வீட்டுக்காரர்கள். உங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகும்போது, ஈப்போவிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ, ஏன், ஷாங்ஹாயிலிருந்தோ ஒரு பிள்ளை உங்களை அழைக்கும். சமைப்பாயா என்று கேளுங்கள், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேளுங்கள், வாடகையைக் கறாராகப் பேசுங்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக மட்டும் கேளுங்கள்.