மேலுமலை இறக்கமும் ஒரு பழைய ஜீப்பும்

போன வாரம் பாகலூர் ரோட்டுல டீக்கடை முன்னால வண்டிய நிறுத்தியிருந்தேன். கர்நாடகா நம்பர் கார்ல வந்த ஒரு தம்பி இறங்கி, என் ஜீப்ப ரெண்டு சுத்து சுத்திப் பாத்தார். எலக்ட்ரானிக் சிட்டியில வேலையாம். "சார், இத குடுப்பீங்களா?"ன்னு கேட்டார்.

பாடி அப்படியே இருக்கட்டும், உள்ள மட்டும் புது டீசல் இன்ஜின், அஞ்சு கியர், பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போட்டுக்கலாம்கறது அவர் திட்டம். அமெரிக்காவுல 1950-கள்ல வந்த ஷெவர்லே, ஃபோர்டு பிக்கப்புகள இப்படித்தான் மாத்தி ஓட்டறாங்கன்னு போன்ல படம் காட்டினார். அழகாத்தான் இருந்துச்சு. அவர் சொன்ன விலையும் கொஞ்சம் ஆட்டித்தான் பாத்துச்சு. நல்ல விலை கிடைக்கற வருஷத்துல ரெண்டு போகம் தக்காளி போட்டாத்தான் அந்தக் காசப் பாக்க முடியும்.

அப்பா வாங்கினது 1972 மாடல் மகிந்திரா. வில்லிஸ் கம்பெனி லைசென்ஸ்ல இங்க செஞ்ச ஜீப். பானெட் கொஞ்சம் உசரமா, மூக்கத் தூக்கிட்டு நிக்கும். உள்ள இருந்த பெட்ரோல் இன்ஜின் உசரம், அதுக்காகத்தான் அப்படி. அப்பா கைக்கு வரும்போதே பின்பக்கம் தட்டு கட்டி, சரக்கு வண்டின்னு ஆர்.சி.யில ஏத்தியிருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஜூஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்கு காய் கொண்டு போவோம்.

பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலை. 1990-ல அப்பா டீசல் இன்ஜின் மாத்தினார். மகிந்திராவே அப்ப தன் ஜீப்புக்குப் போட்ட பியூஜோ டீசல். அனுமதி வாங்கி ஆர்.சி.யிலயும் எழுதினாங்க. செலவு குறைஞ்சுது. செலவு குறைஞ்சா மனுஷன் என்ன செய்வான்? இன்னும் பத்து மூட்டை ஏத்துவான். நாங்களும் ஏத்தினோம். டீசல் இன்ஜினே பழசவிட கனம். இன்ஜின மாத்தினோமே தவிர, பிரேக்க யாரும் தொடலை.

அடுத்த வருஷம் முட்டைக்கோஸ் ஏத்திட்டு கிருஷ்ணகிரிக்குப் போனோம். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கம். அப்பா பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறக்கினார். டிரம் சூடேறி லைனிங் பிடிக்கலை. கால வச்சு அமுக்கினா வண்டி போயிட்டே இருக்கு. கியரக் குறைச்சு, கடைசியில ஓரத்து மண்மேட்டுல கொண்டுபோய் முட்டினார். மூட்டை மேல உக்காந்திருந்த என் தம்பி கீழ விழுந்து கால் முறிஞ்சுது. இன்னிக்கும் பனி நாள்ல காலத் தாங்கித் தாங்கித்தான் நடப்பான். அன்னிலேர்ந்து இந்த வண்டியில அவன் ஏறினதில்லை.

அதுக்கப்புறம்தான் ஓசூர் மெக்கானிக் பாய் பிரேக்குல கை வச்சார். பழைய ஜீப்புல நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்க ஒழுகினாலும் மொத்தமும் போயிடும். அத ரெண்டா பிரிச்சார். பூஸ்டர் வச்சார். டீசல் இன்ஜின்ல பூஸ்டருக்கு வேணுங்கற வேக்கம் தானா கிடைக்காது, அதுக்குத் தனியா ஒரு பம்ப் வேணும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முன்பக்கம் பட்டையும் கனமா மாத்தினார். "இன்ஜின் மாத்தினா பிரேக், ஸ்டீயரிங், ஆக்சில், பட்டை எல்லாத்தையும் சேர்த்து யோசிக்கணும்ணா"ன்னார். முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்ப அந்த டீசலும் புகை கக்குது. கழிச்சுப் போட்ட வண்டியிலேர்ந்து புது மாதிரி இன்ஜின் ஒண்ணு வருதுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். நான் நேரா ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். முன் அனுமதி வாங்கிட்டு அதே வகை இன்ஜின் போடலாம், வேற வகை கூடாதுன்னுட்டாங்க. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. மேலுமலையில உருண்டவனுக்கு இந்தச் சட்டத்து மேல கோவம் வரலை.

அப்ப வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாமேன்னார் அந்தத் தம்பி. 2021-ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு அது உண்டுதான். ஆனா பெருசா எதையும் மாத்தாம, இருந்தபடியே இருக்கணும். கண்காட்சி, ரேலி மாதிரி விஷயத்துக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். தினசரி ஓட்டவோ தொழிலுக்கோ கூடாது. என் ஜீப்புக்கு வயசு இருக்கு, இதயம் பழசில்லை. மாத்தாம வச்சிருந்தா எப்பவோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆகவே, மாத்தின வண்டிய வாங்கறவங்க பெயிண்ட்டப் பாக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க. அதுல இருக்கற இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. சொல்லாம மாத்தியிருந்தா, விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சுடுவாங்க. அப்புறம், இது எப்படி நிக்கும்னு கேளுங்க. எவ்வளவு வேகம் போகும்னு எல்லாருமே கேக்கறாங்க.

அந்தத் தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லி, குடுக்கலைன்னுட்டேன். அதே பியூஜோ இன்ஜின் ஒண்ணு ரீகண்டிஷன் பண்ணினது கிடைச்சுது. பாய் பூட்டிட்டிருக்கார். அடுத்த மாசம் எஃப்.சி. அது முடிஞ்சதும் காலி வண்டிய மேலுமலை இறக்கத்துல ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்.

தம்பிய முன் சீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னு சொல்லியிருக்கான்.