நடுவழி தெரியும் காலம்

வெளியூரில் கல்லூரிச் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் மகளுக்கு மூலச்சான்றிதழை விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறார் ஒரு தாய். குறித்த நாளுக்குள் அது போய்ச் சேராவிட்டால் கிடைத்த இடம் கைநழுவிப் போகும். அஞ்சலகம் தந்த பற்றுச்சீட்டில் உள்ள எண்ணைக் கைப்பேசியில் இட்டுப் பார்க்கிறார். உறை பதிவு செய்யப்பட்ட நேரம் தெரிகிறது. அன்று மாலையே அது பையில் இடப்பட்டு அனுப்பப்பட்ட செய்தியும் தெரிகிறது. அதன்பின் ஒன்றரை நாளாகத் திரையில் ஒரு சொல்லும் மாறவில்லை. 'தொலைந்துதான் போயிற்றோ!' என்று அவர் உள்ளம் பதைக்கிறது.

முன்னைய தலைமுறைக்கு இந்தப் பதைப்பு வேறுவிதமாக இருந்தது. பதிவு அஞ்சலில் அனுப்பியவருக்கு இரண்டு சான்றுகளே கிடைத்தன. ஒன்று, அனுப்பும்போது பெற்ற பற்றுச்சீட்டு. மற்றொன்று, பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை. இவற்றுக்கு இடைப்பட்ட பயணம் யார் கண்ணிலும் படவில்லை. தொடக்கமும் முடிவும் மட்டுமே தெரிந்த அக்காலத்தில், நடுவழியைப் பற்றி எவரும் வினவவில்லை. இன்றோ நடுவழி தெரிகிறது. ஆயினும், அதைப் படிக்கும் முறையைப் பலர் அறியவில்லை.

அந்தத் தாய் தட்டச்சு செய்த எண் பதின்மூன்று இடங்களைக் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என்பது அதன் அமைப்பு. விரைவு அஞ்சலின் எண் 'இ' என்னும் எழுத்தில் தொடங்கும். இந்தியாவிலிருந்து செல்வது 'ஐ.என்.' என்று முடியும். இது உலக நாடுகளுக்குப் பொதுவான முறை. இதனை வகுத்தது, 1874ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடித் தோற்றுவித்த உலக அஞ்சல் ஒன்றியம் ஆகும். இந்தியா 1876இல் அதில் இணைந்தது.

ஒன்பது இலக்கங்களில் இறுதி இலக்கம் ஒரு காவலாளி. முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அவ்விலக்கம் கிடைக்கும். விடை 10 ஆனால் 0 என்றும், 11 ஆனால் 5 என்றும் கொள்வர். சான்றாக, 12345678 என்னும் எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204; மீதி 6; காவல் இலக்கம் 5. தட்டச்சில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எண் இவ்வளவு கவனமாக அமைந்திருந்தும் திரை ஏன் ஒன்றரை நாள் பேசாதிருந்தது? உறை நகர்வதையே திரை காட்டுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது காட்டுவது, உறையின் பட்டைக்குறி கடைசியாக எங்கே, எப்போது வருடியால் படிக்கப்பட்டது என்பதை மட்டுமே. ஓரிடத்திற்குச் செல்லும் உறைகளை ஊழியர்கள் ஒரே பையில் இட்டுக் கட்டி, அந்தப் பைக்குத் தனி அடையாளச்சீட்டு இணைப்பர். பை தொடர்வண்டியிலோ ஊர்தியிலோ செல்லும்போது உள்ளிருக்கும் உறையை எவரும் படிப்பதில்லை. மறுமுனையில் பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் படிக்கும்போதுதான் திரை மீண்டும் பேசும். திரையின் அமைதி பல வேளைகளில் இழப்பின் அறிகுறி அன்று; பயணத்தின் அறிகுறி.

இதை அறியாத பதைப்பைப் பயன்படுத்திக்கொள்ள வஞ்சகரும் காத்திருக்கின்றனர். 'முகவரி முழுமையாக இல்லை. இந்த இணைப்பைத் தொட்டுச் சிறு தொகை செலுத்துக' என வரும் குறுஞ்செய்தியை நம்பிப் பணம் இழப்போர் உண்டு. பற்றுச்சீட்டில் உள்ள எண்ணை அஞ்சல் துறையின் இணையத்தளத்தில் தாமே இட்டுப் பார்ப்பவர் இவ்வலையில் விழமாட்டார்.

பயணத்தின் கடைசிப் பகுதி மனிதரின் அறிவை நம்பியே நிற்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண், உறையைச் சரியான அஞ்சலகம் வரை கொண்டுசேர்க்கும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுசெல்பவர் அஞ்சல்காரர். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால், எவருக்கு எங்கிருந்து மடல் வரும் என்பதைக் கணினி அறியாது, அவர் அறிவார். வீடு பூட்டியிருந்தால், 'கதவு பூட்டியிருந்தது' என்னும் பதிவு திரையில் ஒரு வரிதான். அவருக்கோ அது வெயிலில் வீணாகிப்போன ஒரு நடை. மறுநாள் மீண்டும் நடக்க வேண்டிய நடை. தாமதத்திற்காக அவர்மீது சினம் கொள்ளுமுன், முகவரியைத் தெளிவாக எழுதினோமா, தொடர்பு எண்ணைச் சரியாகக் குறித்தோமா என்று அனுப்பியவர் தம்மையே கேட்டுக்கொள்வது நேர்மை.

மூன்றாம் நாள் காலையில் அந்தத் தாயின் திரையில் புதிய வரி தோன்றியது: மகள் தங்கியிருக்கும் ஊரின் அஞ்சலகத்தில் பை பெறப்பட்டது. நண்பகலில் 'ஒப்படைக்கப்பட்டது' என்னும் சொல் வந்தது. அந்தச் சொல்லைக் கண்ட பின்னும் அவர் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. மகளை அழைத்து, "கையில வந்துருச்சாம்மா?" என்று கேட்டார். "வந்துருச்சும்மா" என்னும் குரலைக் கேட்ட பிறகே பற்றுச்சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்.