நாலு பல் நாம்பன்

நீர்வேலிப் பக்கம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த கொட்டிலுக்குள் நான் நுழையப் பெரியவர் கையைக் காட்டி மறித்தார். “பின்பக்கத்தால வராதேங்கோ தம்பி. அவனுக்குத் தெரியிற மாதிரி முன்னுக்கு வாங்கோ.”

‘அவன்’ மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்குப் பழகுகிற வெள்ளை நாம்பன். என்னைக் கண்டதும் காதுகளை நிமிர்த்திச் சீறினான். பெரியவர் நாணயக்கயிற்றை இடக்கையால் பிடித்து, வலக்கைப் பெருவிரலால் கீழுதட்டை மெல்ல இறக்கிப் பல்லைக் காட்டினார். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழ, நிலையான பல் சோடி சோடியாக வரும். இரண்டு வயதைத் தாண்டி முதல் சோடி. எட்டும் நிறைய நாலு வயதுக்கு மேலாகும். இவனுக்கு நாலு அகலப் பல், ஓரங்களில் இன்னும் பால்பல்.

சவாரி மாட்டைப் பழக்குவதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உழவு மாடு அடங்கினால் போதும். இதற்கோ அந்த வெருட்சியும் துடிப்பும் உள்ளே இருக்கவேண்டும். ஆளையும் அது முட்டக்கூடாது. இதை யோசிக்கையில் ஓநாய் வளர்ப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆஸ்திரியாவில் 2008இல் தொடங்கிய ஓநாய் ஆய்வு மையத்தில், குட்டிகளை இரண்டு வாரம் ஆகுமுன்பே தாயிடமிருந்து எடுத்து, இரவு பகலாக மனிதர் கூடவே இருந்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்தும் ஓநாய் நாயாகிவிடுவதில்லை. மாடோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த பிராணி. ஆனாலும் பெரியவர் செய்வது கிட்டத்தட்ட அதே வேலைதான். கன்றாக வந்த நாள் தொட்டுத் தீனி வைப்பது, குளிப்பாட்டுவது, கால் தூக்கிப் பார்ப்பது எல்லாம் அவர் கைதான். வேறு ஆளை அண்டவிடுவதில்லை.

நுகத்தில் பூட்டும்போது பக்கத்தில் அனுபவப்பட்ட எருதொன்றைச் சேர்க்கிறார். முதலில் வெறும் நுகத்தோடு நடை, பிறகு வெறும் வண்டி, கடைசியில்தான் ஓட்டம். சோடியில் ஒன்று முந்தினால் வண்டி பக்கவாட்டில் இழுபடும், கவிழவும் கூடும். மகன் வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடிக்க, பெரியவர் நாம்பனின் தோளோடு கைவைத்தபடி செம்மண் ஒழுங்கையில் கூடவே ஓடினார். திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நாம்பனின் விலாவைத் தடவி வியர்வை பார்த்த பிறகே தான் தண்ணீர் குடித்தார்.

பருத்திக்கொட்டை, எள்ளுப்பிண்ணாக்கு, தவிடு, கிழித்த பனையோலை. இத்தனை செலவையும் போட்டியில் கிடைக்கும் பரிசு ஈடுசெய்யாது என்றார் மகன். சவாரி மாடு வளர்ப்பவர் குறைவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

துவரந்தடியில் ஆணி வைத்துக் குத்தி ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கேட்டேன். மிருகவதையைத் தடுக்க 1907ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. பழக்கத் தெரியாத கைதான் ஆணியைத் தேடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கலை நிலைக்க வேண்டுமானால் ஆணி போகவேண்டும். பெரியவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து நாம்பனின் பின்தொடையில் வைத்தார். தோல் வழவழவென்றிருந்தது, ஒரு வடுக்கூட இல்லை.

“வாற சித்திரைச் சவாரிக்கு விடுவீங்களோ ஐயா?”

“இல்லை. மற்றச் சோடிப் பல்லும் வரட்டும். இப்ப ஓடவிட்டா முழங்கால் போயிடும்.”

மகன் முகம் வாடியது. கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்றார்.

“சின்னப்பெடியன் எண்டு சொல்லு” என்றபடி பெரியவர் ஓலை கிழிக்க உட்கார்ந்தார்.