நரம்பின் தூது

தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் வேட்டுவர் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி ஒருவகை நஞ்சு செய்வர். கூராரே என்பது அதன் பெயர். அதில் தோய்த்த சிற்றம்பை நெடுங்குழலில் இட்டு ஊதினால், மரத்தின் உச்சியில் இருக்கும் குரங்கும் சிறிது பொழுதில் கை தளர்ந்து வீழும். அதன் ஊனை உண்போர்க்குத் தீங்கில்லை. குருதியிற் கலந்தாலே அந்நஞ்சு கொல்லும்.

அம்பு தைத்த விலங்கின் நெஞ்சத் துடிப்பு உடனே நிற்பதில்லை. மூச்சை இயக்கும் தசைகள் தளர்வதனாலேயே அது மாள்கிறது. 1814-ஆம் ஆண்டு இலண்டனில் சார்லசு வாட்டர்டன் என்பார் பெண் கழுதையொன்றிற்கு இந்நஞ்சை ஏற்றினார். அது பிணம்போற் கிடந்தது. அதன் மூச்சுக்குழலைத் துளைத்துத் துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தனர். சில மணி நேரத்தில் நஞ்சின் ஆற்றல் குன்றவே, கழுதை எழுந்து நின்றது! அதன்பின் பல்லாண்டு வாழ்ந்தது. உலையில் தீயை ஊதும் கருவி ஓருயிரைக் காத்தது வியப்பன்றோ?

தசை தளர்ந்தது ஏன்? தசை கெட்டதா, அதனை ஏவும் நரம்பு கெட்டதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு இவ்வினாவைத் தவளையிடம் கேட்டார். ஒரு காலுக்குச் செல்லும் குருதியை மட்டும் கட்டித் தடுத்து, நரம்பை விட்டுவைத்து, உடலில் நஞ்சை ஏற்றினார். பின்னர் நரம்புகளை மின்னாற் தூண்டினார். கட்டிய கால் துடித்தது, மற்றது அசையவில்லை. ஆனால் அசையாத காலின் தசையையே நேரே தூண்டியபோது அதுவும் சுருங்கிற்று. ஆதலின் தசை கெடவில்லை. கட்டிய காலின் நரம்போ, உடலுக்குள் நச்சுக் குருதியிடையே கிடந்தும் தன் தூதைப் பிழையாமற் கொண்டு சேர்த்தது. ஆகவே நரம்பின் நெடுவழியும் கெடவில்லை. எஞ்சியது ஓரிடமே: நரம்பும் தசையும் கூடும் இடம். பெர்னார்டு நரம்பையே ஐயுற்றார். பின்வந்தோர் இவ்விடத்தைத் தெளிந்தனர்.

அவ்விடத்தில் இரண்டும் ஒட்டியிருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறளவான இடைவெளி உண்டு. மின்துடிப்பாய் ஓடிவரும் செய்தி அக்கரையில் நின்றுவிடும். அப்பாற் செல்ல ஓடம் வேண்டும். அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளே அவ்வோடம். நரம்பின் முனையில் நுண்பைகளில் அடைபட்டிருக்கும் அது, துடிப்பு வந்தவுடன் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகளிற் பொருந்தும். உடனே தசையில் புதியதொரு மின்துடிப்பு எழுந்து பரவ, தசை சுருங்கும். அப்பொருளை நொதியொன்று விரைந்து சிதைத்துவிடும். இன்றேல் ஒருமுறை விடுத்த ஏவல் ஓயாது. தசையை ஏவும் நரம்பு இப்பொருளைச் சுரப்பதை 1936-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி டேல் முதலானோர் காட்டினர். ஓடம் சேரவேண்டிய துறையை முன்னரே அடைத்து நிற்பதே கூராரேயின் சூழ்ச்சி.

வயிற்றை அறுத்து மருத்துவம் செய்வோர்க்கு இறுகிய தசை பெருந்தடை. அதனைத் தளர்த்த மயக்கமருந்தை மிகுதியாகக் கொடுத்தல் உயிர்க்கு இடராயிற்று. 1942-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஹெரால்டு கிரிபித், ஈனிட் ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர், தூய்மை செய்த கூராரேயை அளந்து செலுத்தி, அத்தடையை நீக்கினர். அது நோவை மாற்றாது, நினைவையும் மறைக்காது. மயக்கமருந்தும் உடன் வேண்டும். இன்று அதனைப்போல் வினைசெய்யும் வேறு மருந்துகள் வந்துள்ளன. அவற்றின் ஆற்றல் குன்றும்வரை, துயிலும் நோயாளியின் மூச்சைப் பெரும்பாலும் ஒரு கருவியே நடத்துகிறது.