வியர்வை தெரியாத ஊர்

சட்டையைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு அறைக்குள் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தேன். சட்டை அப்பளமாகக் காய்ந்திருந்தது. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பயணம் முடியும்வரை இரண்டு சட்டையை வைத்தே ஓட்டிவிடலாம். அந்தக் காற்று சட்டையிடமிருந்து உறிஞ்சியதைத்தான் என்னிடமிருந்தும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்பது மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் உறைத்தது.

ஊர் யஸ்த். ஈரானின் நட்டநடுவில், தஷ்தே கவீர், தஷ்தே லூத் என்ற இரண்டு பாலைகளுக்கு இடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 50 மில்லிமீட்டர் மழை. ஐப்பசியில் எங்கள் ஊரில் ஒரே ராத்திரியில் பெய்துவிடும் மழை அது. நான் போனது ஜூலையில். இஸ்பஹானில் பஸ் ஏறும்போதே பக்கத்து இருக்கைக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். ஈரானியக் கணக்கில் கோடையின் முதல் 40 நாளுக்கு ‘செல்லே’ என்று பெயர். நம் கத்திரி மாதிரி, ஆனால் அதைவிட நீளம். நான் அதன் நடுவில் போய் விழுகிறேன் என்றார். “நான் வேலூர்க்காரன்” என்றேன். அவருக்கு அது புரிய நியாயமில்லை. ஆனால் எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. 43 டிகிரியில் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனிடம் வெயிலைப் பற்றி யார் பேசுவது?

முதல் நாள் பழைய நகரத்துக்குள் நடந்தேன். ஊரே ஒரே நிறம்: சுடாத செங்கல், அதன்மேல் வைக்கோல் கலந்த மண்பூச்சு. சந்துகள் ஒடுக்கமானவை, சுவர்கள் உயரமானவை. அதனால் எந்த நேரத்திலும் ஒரு பக்கத்துச் சுவரின் நிழல் தரையில் கிடக்கிறது. ஆங்காங்கே சந்தின் தலைக்குமேல் வளைவுக் கூரை போட்டிருக்கிறார்கள். அதற்கு ‘சாபாத்’ என்று பெயர். ஊர்க்காரர்கள் சுவரை ஒட்டி, நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மாறி மாறி நடந்தார்கள். நான் மட்டும் நடுச்சந்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி போனேன்.

இன்னொன்றையும் பார்த்தேன், ஆனால் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. தெருமுனைகளில், மசூதி வாசல்களில், கடைவீதியில் எங்கு பார்த்தாலும் குளிர்ந்த தண்ணீர் தரும் எஃகுப் பெட்டிகள். ‘ஆப் சர்த் கோன்’ என்கிறார்கள். சிலவற்றின்மேல் இறந்துபோன யாரோ ஒருவரின் பெயர். கர்பலாவில் தண்ணீர் மறுக்கப்பட்டு மாண்டவர்களை இன்றும் நினைத்து அழுகிற மக்கள் அவர்கள். வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய புண்ணியம். நம் தண்ணீர்ப் பந்தல் நினைவுக்கு வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று ஒரு குவளை குடித்துவிட்டுப் போனார்கள். தாகம் எடுத்துக் குடிப்பவர்களாகத் தெரியவில்லை. கோயிலைக் கடக்கும்போது நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி ஒரு பழக்கம். எனக்குத் தாகமில்லை. வியர்க்கவும் இல்லை. நான் நிற்காமல் நடந்தேன்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே மௌன கோபுரங்களுக்குப் போனேன். ஜரதுஷ்டிரர்கள் இறந்தவர்களைக் கழுகுகளுக்கு வைத்த இடம். 1970கள் வரைக்கும் வழக்கத்தில் இருந்தது. இரண்டு மொட்டைக் குன்றுகள், உச்சியில் வட்டச் சுவர், நடுவில் ஒரு குழி. மேலே ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட நிழல் கிடையாது. பாதி ஏறும்போதே கண்ணுக்குப் பின்னால் வலித்தது. எச்சில் பசைபோல் கெட்டியானது. உச்சியில் நின்றபோது முழங்கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்துக்கொண்டன. எவ்வளவு சுகமான காற்று என்று நினைத்தேன். நெற்றியைத் தடவினேன். ஈரமில்லை, பொடியுப்பு கையோடு வந்தது.

இறங்கியது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கீழே காத்திருந்த டாக்சிக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் “கர்மாசதே!” என்று கத்தினார். வெக்கை அடித்தவன் என்று பொருள். குன்றடியில் பழைய நீர்த்தொட்டி ஒன்றின் குவிமாடம் இருக்கிறது. அதன் நிழலில் என்னைப் படுக்கவைத்துக் காலை ஒரு கல்மேல் தூக்கிவைத்தார். ஷூவைக் கழற்றினார். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, அட்டையால் விசிறினார். விசிறிக்கொண்டே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: பெயர் என்ன, எந்த நாடு? சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. மூன்றாவது தடவை கேட்டபோது, மனுஷனுக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவர் சோதித்தது என் புத்தியை. வெக்கையில் மயங்கியவன் பேச்சுக் குழறினால், இடம் பொருள் தெரியாமல் உளறினால், அது நிழலில் போட்டு விசிறுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். என் பதில் மூன்று முறையும் மாறாததால் காரிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். தயிரை நீர்க்கக் கரைத்து, உப்பும் காய்ந்த புதினாத் தூளும் போட்ட ‘தூக்’. நம் நீர்மோரின் ஒன்றுவிட்ட தம்பி. மடமடவென்று குடிக்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார். மிடறு மிடறாக.

எங்கே தப்பு செய்தேன் என்று அன்று மத்தியானம் முழுக்கப் படுத்தபடி யோசித்தேன். எங்கள் பக்கத்து வெயிலில் வியர்வை ஒரு மணியடிப்பவன். சட்டை முதுகில் ஒட்டும், புருவத்திலிருந்து சொட்டும், அடடா என்று பெட்டிக்கடையில் ஒதுங்கி ஒரு சோடா குடிப்போம். சென்னையில் இன்னும் மோசம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும். வழிகிற வியர்வையால் உடம்பு குளிராது, ஆவியாகிற வியர்வைதான் சூட்டைக் கொண்டுபோகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது எடுத்துச் செல்கிற வெப்பம் ஏறத்தாழ 580 கிலோ கலோரி. அதே ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் கொதிக்கவைக்க ஆகிற சூட்டைப்போல ஏழு மடங்குக்கு மேல். யஸ்தின் வறண்ட காற்றில் இந்த ஏற்பாடு அபாரமாக வேலை செய்கிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. துளி உருவாவதற்கு முன்பே காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் போனாலும் தோல் காய்ந்தே இருக்கும். தாகமோ எப்போதும் தாமதமாக வருகிற சாட்சி. அது வருவதற்குள் உடம்பு பாதி வழக்கில் தோற்றிருக்கும். 42 டிகிரியில் எனக்கு வியர்க்கவே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஒன்றரை நாளும் நான் ஓட்டைக் குடம்.

தங்கியிருந்தது ஒரு பழைய முற்றத்து வீடு, இப்போது விடுதி. விடுதிக்காரரின் அம்மாவை எல்லோரும் பீபி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆங்கிலம் பேசுகிற பேத்தியை நடுவில் வைத்துக்கொண்டு அவர் எனக்கு வைத்தியம் பார்த்தார். முதல் உத்தரவு: மாடியறை வேண்டாம், நிலவறைக்கு இறங்கு. இரண்டாவது: வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாதே. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாக ஊற்றினால் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போய் வேறு வில்லங்கம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று நம் சுகாதார நிலையங்களில் சொல்லிக்கொடுக்கிற கரைசலின் தர்மமும் அதுதான். பீபிக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. காலையில் ‘காக்ஷிர்’ கொடுத்தார். கேழ்வரகைவிடப் பொடியான செந்நிற விதைகள், சர்க்கரைத் தண்ணீரில் பன்னீர் விட்டு. விதை அடியில் தங்கிவிடும், கலக்கிக் கலக்கிக் குடிக்கவேண்டும். மாலையில் ‘செகஞ்சபீன்’. காடியும் சர்க்கரையும் புதினாவும் சேர்த்துக் காய்ச்சிய பாகு, தண்ணீரில் கரைத்து, துருவிய வெள்ளரிக்காயோடு. புளிப்பும் இனிப்பும் உள்ளே இறங்கும்போது நாக்குக்கு உயிர் வருகிறது.

நான் எதைச் சாப்பிட்டாலும் பீபி ‘கர்மி’ அல்லது ‘சர்தி’ என்று தீர்ப்புச் சொன்னார். பேரீச்சை கர்மி, தயிர் சர்தி. பேத்தி இதை எப்படி விளக்குவது என்று திண்டாடினாள். விளக்கவே வேண்டாம் என்றேன். மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று என் பாட்டி சொல்லாத நாளில்லை. சர்பத், பலூடா என்று நாம் கூசாமல் தமிழாக்கிக்கொண்ட சொற்கள் இங்கே அவை கிளம்பி வந்த வீட்டில் புழங்குவதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. யஸ்தின் பாலூதேயில் நம் சப்ஜா விதையே மிதக்கிறது.

தெம்பு வந்த பிறகு நான் பார்த்த யஸ்த் வேறு ஊர். முதலில் அண்ணாந்து பார்த்திருந்தேன், இப்போது கீழே இறங்கினேன். அங்கே மெத்தப் படித்த பொறியியல் எல்லாம் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. மழையில்லாத ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தூரத்து மலையடிவாரத்தில் ஒரு தாய்க் கிணறு தோண்டி, ஊற்று கிடைத்ததும் அங்கிருந்து ஊர்வரை மண்ணுக்குள்ளேயே மிக லேசான சரிவில் ஒரு சுரங்கக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அதுதான் கனாத். வழிநெடுகக் காற்றுக்கும் மண்ணை வெளியேற்றவும் கிணறுகள். பம்பு இல்லை, ஆவியாகிற இழப்பும் அநேகமாக இல்லை. தண்ணீர் தன் கனத்திலேயே நடந்து வருகிறது. ஸார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். யஸ்தின் பெரிய மசூதி முற்றத்திலிருந்தே படி இறங்கி அதைத் தொடலாம். ஸார்ச் உள்பட 11 கனாத்களை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யஸ்தின் பழைய நகரம் அடுத்த ஆண்டு சேர்ந்தது.

மணல் மட்டும் ஓடுகிற பாலாற்றின் கரையில் வளர்ந்தவன் நான். ஆற்றில் ஊற்று தோண்டி, கலங்கல் தெளியக் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவார்கள். ஆகவே தரைக்கடியில் தண்ணீர் இருப்பது எனக்கு அதிசயமில்லை. அதை இருட்டிலேயே இத்தனை காதம் நடத்திக் கூட்டிவந்ததுதான் அதிசயம்.

தண்ணீர் அருங்காட்சியகத்தில் கனாத் தோண்டுகிற முகன்னிகளின் உடையை வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பருத்தி. இருட்டில் தெரியும் என்பது ஒரு காரணம். உள்ளேயே சரிந்து புதைந்தால் அதுவே கோடித்துணி ஆகும் என்பது இன்னொன்று. முன்னால் ஓர் எண்ணெய் விளக்கு. அது வழியும் காட்டும், அணைந்தால் காற்று கெட்டுவிட்டது, திரும்பு என்றும் சொல்லும். மண் இளகிய இடங்களில் சுட்ட களிமண் வளையங்களைச் செருகியிருக்கிறார்கள். நம் உறைகிணற்று உறையைப் படுக்கவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. தண்ணீரைப் பங்கிட ஓட்டை போட்ட செம்புக் கிண்ணம் ஒன்று. பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும். ஒரு மூழ்கல் ஒரு பங்கு. நாழிகை வட்டிலை நானே அருகில் பார்த்ததில்லை, இதைப் பார்த்தபோது அது புரிந்தது.

நாற்பது, ஐம்பது படி இறங்கிக் கனாத் ஓடுகிற மட்டத்துக்குப் போனேன். மேலே அனல், கீழே மார்கழிக் காலை. கையை விட்டேன். தண்ணீர் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊரின் அடையாளமான காற்றுக்கோபுரங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தௌலதாபாத் தோட்டத்து ‘பாத்கீர்’ எண்கோண வடிவில் 33 மீட்டர் உயரம், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். காற்று ஒரு பக்கத்து வாய்களில் புகுந்து கீழே பாய்கிறது. எதிர்ப்பக்கம் உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அடியில் ஒரு சின்னத் தடாகம், காற்று அதைத் தொட்டுவிட்டு வரும். அதன் கீழ் நின்று ஒரு காகிதத் துண்டை விட்டேன், காற்று அதை விழவிடவில்லை. அதைவிட என்னை அசத்தியது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மெய்போத்தில் இருக்கும் பனிக்கிடங்கு. கூம்பு போன்ற மண் குவிமாடம், உள்ளே ஆழக்குழி. குளிர்கால இரவுகளில் வெளியே ஆழமில்லாத தொட்டிகளில் தண்ணீர் கட்டுவார்கள். மேகமில்லாத வானத்துக்குத் தன் சூட்டை விட்டுவிட்டு அது உறையும். பகல் வெயில் படாமல் உயரமான சுவர் காக்கும். விடிவதற்குள் உடைத்துக் குழியில் அடுக்கி, இடையிடையே வைக்கோல் போட்டு மூடிவிட்டால், கோடையில் எடுத்துப் பயன்படுத்தலாம். பாலைவனத்தில், மின்சாரம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், ஐஸ்!

இத்தனை சாமர்த்தியத்துக்கும் மேலே ஒன்று உண்டு. அது வெட்கமில்லாமல் தூங்குவது. மதியம் ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கும். ஐந்து மணிவரை தெருவில் பூனைகூடக் கிடையாது. வெயிலோடு மல்லுக்கு நிற்கிற ஆண்மையெல்லாம் அங்கே செல்லாது. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஊர் விழிக்கிறது. கடைசி இரவு பீபியின் குடும்பம் என்னையும் பூங்காவுக்குக் கூட்டிப்போனது. புல்லில் கம்பளம் விரித்து, தர்பூசணி அறுத்து, பிளாஸ்க்கிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றினார்கள், கூடவே யஸ்தின் கற்கண்டு. நள்ளிரவில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டின. நான் கேட்காமலே பீபி என் பக்கம் ஒரு தண்ணீர்க் குவளையை நகர்த்தினார். தாகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பேத்தி சிரித்தாள். குடித்தேன்.

சென்னையில் இறங்கியபோது விடியற்காலை. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு விலகியதும் அந்தப் பிசுபிசுப்பு வந்து கட்டிக்கொண்டது. காதோரம் ஒரு துளி திரண்டு, கழுத்தில் இறங்கி, காலருக்குள் போனது. கைக்குட்டை பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.