தேக்கடியில் கண்ட காவலர்

சென்ற விடுமுறையில் வலியசாலையிலிருந்து நாங்கள் மூன்று குடும்பத்தார் தேக்கடிக்குச் சென்று வந்தோம். யானையைக் காணவேண்டுமென்பதே குழந்தைகளின் ஆவல். யானைகளையும் கண்டோம், ஆயினும் எங்கள் உள்ளத்தில் நிலைத்தவர்கள் அங்குள்ள மனிதரே.

கோட்டயம், முண்டக்கயம், பீர்மேடு வழியாக மலையேறிக் குமுளியை அடைந்தோம். தேக்கடி ஏரி இயற்கையாய் அமைந்ததன்று. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உண்டானது. அந்நீர் சுரங்க வழியே மலையைக் கடந்து மதுரைச் சீமை வயல்களுக்குப் பாய்கிறது. 1978-இல் புலிகள் காப்பகமான இக்கானகம் இன்று 925 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இக்காடு அழிந்தால் வருந்துவது கேரளம் மட்டுமன்று.

வனத்துறையின் மூங்கில் குடிலில் இரவு தங்கி, காலையில் மூங்கில் மிதவையேறினோம். இங்கே வழிகாட்டிகளாக இருப்போரில் சிலர், முன்பு காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் என்றறிந்து வியந்தோம். 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் அவர்களைத் தண்டிப்பதோடு நில்லாமல், குழுவாக அமைத்துப் பிழைப்பும் தந்தது. கள்ள வழிகளை அறிந்தவரே அவற்றுக்குச் சிறந்த காவலராயினர்.

காட்டை ஒட்டி வாழும் மன்னான், பளியர் குடியினர் மிளகுத் தோட்டங்களை வணிகரிடம் அடகு வைத்துக் கடனில் உழன்றனர். அவர்களுடைய குழுக்கள் அக்கடனைத் தீர்த்துத் தோட்டங்களை மீட்டன. 2002-இல் தோன்றிய வசந்த சேனையின் பெண்களோ, வீட்டு வேலைக்கிடையே முறை வைத்து, ஊதியமின்றிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்து வந்திருக்கின்றனர்.

மன்னான் மக்கள் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர் என்பர். அதைக் கேட்டதும் எமக்குச் சற்று நாணமுண்டாயிற்று. நம் முன்னோரும் தமிழகத்திலிருந்து வந்தவரே. அவர்கள் வந்த மண்ணைத் தமதாக்கிக் காக்கின்றனர். நாமோ, தலைமுறைகள் கடந்தும் விருந்தினர் போலவே இருக்கின்றோம்.

ஊர் திரும்பியதும், நம் தெருவுக்கருகே குப்பை சுமந்தோடும் கிள்ளியாற்றைக் கண்டோம். அதற்கு ஒரு சேனை அமைக்க நம் வீட்டுப் பெண்டிரும் பிள்ளைகளும் போதாரோ? அடுத்த கூட்டத்தில் இதனை அன்பர்கள் ஆலோசிக்க வேண்டுகிறோம்.