முக்கோணக் கண்ணாடி

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து ஓயும். திரையில் 22 என்று இருக்கிறது. எனக்கு முகத்தில் குளிர் வீசுகிறது, பக்கத்து சீட்டில் அம்மாவுக்கு அனல். "எனக்கு வெக்கயால்லா அடிக்கி" என்று முந்தானையால் விசிறிக்கொள்கிறாள்.

கோபர்கைரனேயின் மே மாதப் புழுக்கத்தில் ஏழு பேர் போகும் வண்டிக்கு இந்த வியாதி வந்தது. ஏசியில் கேஸ் குறைவு என்று சொல்லி இரண்டு தடவை கேஸ் அடைத்தார்கள். மூன்றாவதாகத் துர்பேயில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வண்டிக்குள் தலையை விட்டு, அந்த டிக் சத்தத்தை மட்டும் நாலைந்து முறை கேட்டார். பிறகு இடப்பக்கத்துப் பெட்டியைக் கழற்றிச் சின்ன மோட்டார் ஒன்றை எடுத்தார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம், மூன்று பல் உடைந்திருந்தது.

ஏசி எப்போதும் குளிரைத்தான் தரும். அதில் எவ்வளவு சூட்டைக் கலப்பது என்பதை உள்ளே இருக்கும் ஒரு தகடு முடிவு செய்கிறது. டேஷ்போர்டின் மேலே வெயிலைப் பார்க்கும் ஒரு கறுப்புப் பொட்டும், உள்காற்றை உறிஞ்சிப் பார்க்கும் இன்னொரு சென்சாரும் கணக்குச் சொல்ல, மோட்டார் அந்தத் தகட்டைத் திருப்பும். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்திலிருப்பவருக்கு ஒன்று. அம்மா பக்கத்துத் தகடு பாதியில் நின்றுவிட்டது. மும்பையில் ஹீட்டரை யார் தேடினார்கள்? ஆனாலும் எஞ்சினின் கொதிநீர் ஓடும் ஹீட்டர் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கிறது.

புது மோட்டார் வர மூன்று வாரம் ஆனது. மூன்று ஞாயிறும் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் தாராவிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். வாஷி பாலத்தில் ஏறியதும் கழிமுகத்துக் காற்று உள்ளே பாய்ந்தது, நான் அப்பாவின் பியட்டுக்குள் இருந்தேன்.

பத்மினிதான், ஆனால் எங்கள் வீட்டில் அது கடைசிவரை பியட். அதன் முன்கதவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. கொக்கியை விலக்கித் திருப்பினால் எதிர்க்காற்றை வாரி நேராக முகத்தில் போடும். கியர் ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருந்ததால் முன்சீட்டு ஒரே பலகை. அப்பாவுக்கும் ஆச்சிக்கும் நடுவில் நான். "யய்யா, இன்னும் செத்த திருப்பு" என்பாள் ஆச்சி. ஓட்டிக்கொண்டே அப்பா என்னைத் தாண்டிக் கை நீட்டி ஒரு விரலால் தள்ளுவார். ஆச்சியின் நெற்றி முடி பறக்கும். போதும் என்று அவள் தலையசைக்கும்வரை அப்பாவின் விரல் அங்கேயே இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் முப்பது வருடம் இருந்தவள் ஆச்சி. மராத்தியில் ஒரு போர்டைக்கூடப் படிக்கத் தெரியாது. மூக்கால் ஊரை அறிந்தாள். மான்கூர்டு தாண்டியதும் தேவ்னார் குப்பைமேட்டுப் புகை. செம்பூரில் உரத் தொழிற்சாலையின் அமோனியா நெடி. சயானில் பஸ் டீசல். மாட்டுங்காவில் பூக்கடைக்காக நிறுத்தினால் மல்லிகையும் காபிக்கொட்டை வறுபடும் வாசமும். கண்ணை மூடியபடியே, "தோல் வாடை வந்துட்டு, வீடு வந்துட்டு" என்பாள். தாராவியின் பதனிடும் கூடங்கள் பலவும் பிற்பாடு ஊருக்கு வெளியே போய்விட்டன. தைக்கிற வேலைதான் மிஞ்சி நிற்கிறது. அந்த வாடையும் மெலிந்துவிட்டது.

2023 அக்டோபரோடு பத்மினி டாக்சிகளும் மும்பைச் சாலையை விட்டுப் போயின. அன்று செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பா போய் அப்போது நான்கு வருடம்.

மூன்றாவது ஞாயிறு செம்பூரில் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு "என்னப்பா இது நாத்தம்?" என்றாள். பத்து வருடமாக மாதம் தவறாமல் அந்தச் சாலையில் வருகிறாள். ஒரு தடவையும் கேட்டதில்லை. நான் வாய் திறக்குமுன் அம்மா, "உரக் கம்பெனிளா. இனி சயான், பொறவு மாட்டுங்கா" என்று ஆச்சியின் குரலில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் மோட்டாரை மாட்டினார்கள். டிக் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே குளிர். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போனோம்.

இந்த வண்டியிலும் முன்தூணை ஒட்டி ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. அசையாமல் ஒட்டிவைத்தது. அம்மா அதன் ஓரத்தைத் தடவித் தடவிக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள்.